இரவல் காது

ஓடுகிற எஞ்சினைக் காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினால் எனக்குச் சொக்கிக்கொண்டு வரும். சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பக்கத்து இருக்கையில் என் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு மலைச்சாலையில் வண்டியை விரட்டிக்கொண்டிருப்பாள். நான் எங்கோ தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பேன்.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. ஒரு செம்புக் குழாயின் முனையை நசுக்கி, துளை போட்டு, எஞ்சினின் உடம்பில் போல்ட் வைத்து முறுக்கிவிட வேண்டும். மறுமுனையில் ஒரு ரப்பர் குழாய். அது டாஷ்போர்டுக்கு அடியில் புகுந்து உள்ளே வரும். அதன் நுனியில் யாரோ டாக்டர் வேண்டாமென்று போட்ட ஸ்டெதாஸ்கோப்பின் காது முனைகள். அவற்றைச் செருகி, மேலே ஹெல்மெட்டை மாட்டினால் தீர்ந்தது. காற்று போய்விடும், டயர் கிறீச்சிடுவது போய்விடும், மகள் பேசுவதும் போய்விடும். மிச்சம் இருப்பது எஞ்சின் ஒன்றுதான். கடலுக்கு அடியில் யாரோ தையல் மிஷின் மிதிப்பது மாதிரி ஒரு சத்தம்.

அந்தச் சத்தத்துக்குள் நான் தேடுவது இன்னொரு சத்தத்தை. டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற விசிறி. அளவுக்கு மீறித் திணித்தால் பெட்ரோல் தன் முறைக்குக் காத்திருக்காமல் முந்திக்கொண்டு வெடிக்கும். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல் இருக்கும். அதற்குப் பெயர் நாக்கிங். கொஞ்ச நேரம் விட்டுவைத்தால் பிஸ்டன் உருகி ஓட்டையாகிவிடும். அதனால்தான் எஞ்சினிலேயே நாக் சென்சார் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். கட்டை விரல் அளவுதான். எங்கள் பட்டறையில் அதைக் காது என்போம். அந்தச் சத்தம் விழுந்ததும் அது கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் தீப்பொறியைச் சற்றுத் தாமதப்படுத்தும். வண்டிக்குக் கொஞ்சம் சோம்பல் வரும், ஆனால் உயிர் பிழைத்துக்கொள்ளும்.

அப்புறம் நீ எதற்கு என்று கேட்கலாம். எஞ்சினுக்குக் காது ஒன்று, எனக்கு இரண்டு. மூன்று காது கேட்டால் என்ன குறைந்துபோகிறது? கூழாங்கல் சத்தம் கேட்டால் நான் மகளின் முழங்காலில் தட்டுவேன். தட்டினால் அவள் அந்த நொடியே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். ஏன், எதற்கு என்பதெல்லாம் வண்டி நின்ற பிறகு. எங்களுக்குள் உள்ள சட்டம் அது ஒன்றுதான்.

இந்த வருடப் பந்தயத்துக்கு முந்தின மாதம் முழுக்க நான் தட்டவே இல்லை. எஞ்சின் பால் போலச் சுத்தமாகப் பாடியது. ஆனால் வண்டியில் தெம்பு இல்லை.

மகளின் வண்டிக்குச் சுண்டெலி என்று பெயர். பழைய சின்ன வெள்ளைக் கார், அதற்குள் உடம்புக்குப் பொருந்தாத டர்போ. அதன் கம்ப்யூட்டரும் அந்தக் காலத்து ஆள். உள்ளே என்ன செய்கிறது என்று வெளியே ஒரு வார்த்தை சொல்லாது. சுரங்கப்பாதை வந்தபின் யாரும் போகாத பழைய மலைச்சாலை ஒன்று ஊருக்கு வெளியே இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை அதில் பந்தயம் வைப்பார்கள். கீழிருந்து மேலே, ஒவ்வொரு வண்டியாக, யார் சீக்கிரம் ஏறுகிறார்கள் என்று. போன வருடம் அதற்காகப் பழகும்போதுதான் தண்ணீர்த்தொட்டி வளைவில் மகள் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கத் தாமதமாகி, சுண்டெலி தொட்டியின் சுவரில் போய் மோதியது. பிள்ளைக்குத் தோள் எலும்பு முறிந்தது. என் வீட்டுக்காரர் அப்போது அந்த வளைவில்தான் நின்றுகொண்டிருந்தார். சுவருக்கும் அவருக்கும் நடுவில் நாலு எட்டுகூட இருக்காது. அதன் பிறகு அவர் மலை ஏறுவதில்லை.

எங்கள் வீட்டில் கோபம் என் இலாகா, மௌனம் அவர் இலாகா. விபத்துக்கு நான் ஊரைக் கூட்டி அழுதேன், திட்டினேன், சாலை போட்டவனின் பரம்பரையையே இழுத்தேன். இரண்டு மாதத்தில் எனக்கு ஆறிவிட்டது. அவர் ஒன்றும் பேசவில்லை. பிள்ளையின் தோள் கூடும்வரை கூடவே இருந்தார், அவள் திரும்ப ஓட்டுகிறேன் என்றதும் நொறுங்கிய வண்டியைத் தன் கையாலேயே நிமிர்த்திக் கொடுத்தார். நல்ல மனுஷன் என்றுதான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அதுதான் தொல்லையே.

நிமிர்த்தின புதிதில் வண்டி அம்பு மாதிரி ஏறியது. பந்தயத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதுதான் படுத்துக்கொண்டது. காற்றுக் குழாய்களைச் சோதித்தேன், கசிவு இல்லை. பெட்ரோல் பம்ப்பை மாற்றினேன். டர்போவைக் கழற்றி விசிறியைச் சுற்றிப் பார்த்தேன், பூவாகச் சுற்றியது. காது ஒன்றுதான் பாக்கி. சுண்டெலியில் அது எஞ்சினின் முதுகுப்பக்கம், குழாய்களுக்கு அடியில் ஒளிந்திருக்கும். என் கை போகாது, என் வீட்டுக்காரரின் ஒல்லிக் கைதான் போகும்.

"காது எப்படி இருக்கு, பாருங்க" என்றேன்.

கையை விட்டுத் தடவிப் பார்த்தார். "நல்லா இருக்கு" என்றார்.

அவர் சொன்னால் சொன்னதுதான். பட்டறை தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். ஆக, வண்டியில் குறையில்லை. வண்டியில் குறையில்லை என்றால் பாக்கி இருப்பது ஓட்டுகிறவள். இதை நான் வாயால் சொல்லவில்லை. மகளே சொல்லிக்கொண்டாள்.

"எனக்குப் பயம் வந்துடுச்சும்மா. எனக்கே தெரியாம கால எடுக்கறேன் போல."

"போடி, நான் பக்கத்துலதானே உக்காந்திருக்கேன்."

"நீ கண்ண மூடிட்டு உக்காந்திருக்க."

அவள் நாளுக்கு நாள் சுருங்கினாள். சாப்பிடும்போது மேசைக்கு அடியில் குனிந்து தன் வலது காலைப் பார்த்து, "உனக்கு என்னடா கேடு, நல்லாத்தானே சோறு போடறேன்" என்பாள். முதலில் சிரித்தோம். அப்புறம் அவள் அதைச் சிரிக்காமல் சொல்ல ஆரம்பித்தாள். எதிரில் அவள் அப்பா தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

வெள்ளிக்கிழமை மாலை பழகிவிட்டு, இறங்கும் முன் மலை உச்சியில் வண்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினாள். மூடுபனி சாலையின் குறுக்கே ஒரு பக்கத்து மரத்திலிருந்து மறுபக்கத்து மரத்துக்கு நிதானமாக நடந்து போனது. எனக்கு இன்னும் காதுக்குள் எஞ்சின் ரீங்காரம் விட்டபாடில்லை. அவள் பேசியது தூரத்திலிருந்து வந்தது.

"இன்னைக்கு தொட்டி வளைவுல நான் எடுக்கலம்மா. சத்தியமா எடுக்கல. அழுத்தி, அழுத்தியே பிடிச்சிருந்தேன். அப்பவும் அதே நேரம்தான்."

"விடு, நாளைக்குப் பாப்போம்."

"நாளான்னைக்குப் பந்தயத்துலயும் இப்படித்தான் வந்தா, நான் விட்டுடறேன். வண்டிய மட்டும் இல்ல. பட்டறை, மலை, எல்லாத்தையும். ஏதாவது ஆபீஸ்ல போய் உக்காந்துக்கறேன். பயந்தாங்கொள்ளிக்கு இங்க என்ன வேலை?"

அழுதிருந்தால் தேற்றியிருப்பேன். கணக்கு முடித்த மாதிரி சொன்னாள். பிள்ளை நடக்கப் பழகும் முன்பே ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு தூங்குவாள். அவளிடமிருந்து அதை எடுத்துவிட்டால் அவளில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை என் வீட்டுக்காரர் குளித்துக்கொண்டிருந்தார். பழைய இரும்புக் கடையில் ஒரு கியர்பாக்ஸ் எடுத்து வைத்திருப்பதாகப் போன் வந்தது. சாவியை எடுத்துக்கொண்டு நானே கிளம்பினேன். பட்டறையின் சுமை வண்டிக்குப் பெயர் எருமை. அதுவும் பெட்ரோல், அதுவும் டர்போ, ஆனால் எஞ்சின் சுண்டெலியைப் போல இரண்டு மடங்கு பெரிது. அதை எப்போதும் அவர்தான் ஓட்டுவார். கொஞ்ச நாளாகவே முட்டை ஏற்றிப் போகிறவர் மாதிரி ஓட்டுகிறார். மனுஷனுக்கு வயதாகிறது போல என்று நினைத்து, அதற்காக ஒருநாள் குளியலறையில் தனியாக அழவும் செய்தேன். நினைத்தால் இப்போது எரிச்சலாக வருகிறது.

திரும்பும்போது ரயில் பாதையை ஒட்டிய மேட்டில் எருமையை அழுத்தினேன். கூழாங்கல் குலுங்கியது.

கியர்பாக்ஸ் உருளுகிறது என்று நினைத்து நிறுத்திப் போய்ப் பார்த்தேன். கட்டிய கயிறு கட்டியபடியே இருந்தது. ஏறி, இன்னொரு தடவை அழுத்தினேன். மறுபடி அதே சத்தம். ஸ்டெதாஸ்கோப்பே வேண்டாம், வெறும் காதிலேயே விழுந்தது. எருமை இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட இப்படிச் செய்ததில்லை. மேட்டைப் பார்த்தாலே அதன் காது விழித்துக்கொள்ளும், கம்ப்யூட்டர் அடக்கிவிடும். இன்றைக்குக் கேட்க ஆளில்லாத வீட்டில் குழந்தை கத்துகிற மாதிரி எஞ்சின் கத்திக்கொண்டிருந்தது.

ஓரம் கட்டினேன். சாலையிலேயே மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்தேன். எருமையில் காது கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருக்கும். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், அதன் தலை பச்சை. எருமையின் காதுக்குத் தலை கறுப்பு. பச்சைத் தலைக் காதைப் போன வருடம் சுண்டெலிக்காகப் புதிதாக வாங்கி, பெட்டியைப் பிரித்து எடுத்துக் கொடுத்தவள் நான்.

கொஞ்ச நேரம் அப்படியே படுத்துக் கிடந்தேன். முதுகுக்கு அடியில் தார் இன்னும் சில்லென்று இருந்தது. ஒரு சரக்கு ரயில் போனது. அதன் ஒவ்வொரு பெட்டியும் என் மேல் ஏறி இறங்குவது போலிருந்தது. எல்லாம் மெதுவாக, வரிசையாக என் தலைக்குள் வந்து நின்றது.

அந்த இரண்டு காதுக்கும் போல்ட் ஒன்றுதான், செருகுகிற பிளக்கும் ஒன்றுதான். மாற்றிப் போட்டால் எச்சரிக்கை விளக்குகூட எரியாது. ஆனால் பெரிய எஞ்சின் அடித்தொண்டையில் கத்தும், சின்ன எஞ்சின் கீச்சுக்குரலில் கத்தும். ஒவ்வொரு காதையும் அதனதன் எஞ்சினின் குரலுக்கென்று செய்திருக்கிறார்கள். சுண்டெலியின் காதுக்கு எருமையின் கதறல் எட்டாது. எருமையின் காதைச் சுண்டெலியில் வைத்தால் அது இன்னும் மோசம். வால்வு மூடுகிற சத்தம், பிஸ்டன் அசைகிற சத்தம் என்று ஒன்றுமில்லாத முனகலெல்லாம் அதற்கு ஆபத்தாகக் கேட்கும். பயந்து பயந்து கம்ப்யூட்டரிடம் சொல்லும், அது தீப்பொறியைத் தாமதப்படுத்திக்கொண்டே இருக்கும். வண்டியில் பயந்தாங்கொள்ளி ஒன்று இருந்தது உண்மைதான். அது என் மகள் இல்லை.

பட்டறைக்கு வந்தபோது அவர் வாசல் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். மகள் இன்னும் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எருமை நாக் பண்ணுது" என்றேன்.

"அத மெதுவாத்தான் ஓட்டணும்" என்றார். சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். பாதி தூக்கிய ஷட்டரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

ஸ்பேனரைத் தட்டில் வீசினேன். மாடியில் கேட்டுவிடப் போகிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் கத்தினேன். "என் காதுலயே பூ சுத்திட்டீங்களே. நல்லா இருக்குன்னு எந்த வாயால சொன்னீங்க?"

"நல்லாத்தான் இருந்துச்சு. வேற வண்டியோடது, அவ்வளவுதான்."

"வாய மூடுங்க."

மூடிக்கொண்டார். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. "பேசுங்க" என்றேன்.

"வேகம் வரலேன்னா சலிச்சுப்போய் விட்டுடுவான்னு நெனச்சேன். காயம் இல்லாம, கட்டுப் போடாம, தானா விட்டுட்டா போதும்னு நெனச்சேன்."

"அவ பயந்தாங்கொள்ளின்னு தன்னையே திட்டிக்கிட்டு இருக்காளே. அது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

இந்த ஒரு வார்த்தைக்காக அவரை அடித்திருப்பேன். ஆனால் அவர் ஷட்டரை விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். "எனக்கு எப்பவும் அந்தச் சுவத்துச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு. கதவு சாத்தினா கேக்குது. நீ பாத்திரம் வெச்சா கேக்குது. வெளிய அமைதியா இருந்தாலும் உள்ள கேக்குது. நான் என்ன பண்ணட்டும்?"

எனக்குக் கோபம் போகவில்லை. ஆனால் அதோடு கூட இன்னொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது. கல்லுளிமங்கன் மாதிரி ஒரு வருடமாக எதையும் சொல்லாமல் கூடவே படுத்து எழுந்திருக்கிறார். பக்கத்தில் படுத்திருந்த எனக்கு அது கேட்கவில்லை. இத்தனைக்கும் ஊரில் என் காதுக்குப் பெரிய பேர்.

"மாத்துங்க" என்றேன். "இப்பவே, அவ எழுந்திருக்கிறதுக்குள்ள."

"மாத்திடறேன். அவகிட்ட மட்டும் சொல்லாத. என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டா."

சொல்லவில்லை. நானும் அவருக்குப் பெண்டாட்டிதானே. தானாகச் சரியாகிவிட்டது, ஏதோ பிளக் தளர்ந்திருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று பேசிவைத்தோம். அவருடைய ஒல்லிக் கை குழாய்களுக்கு அடியில் போய்க் கறுப்புத் தலையை எடுத்து வந்தது, பச்சைத் தலையை எடுத்துப் போனது. காதை இத்தனை இறுக்கத்துக்குத்தான் முறுக்க வேண்டும் என்று அளவு உண்டு. அந்த அளவு வந்ததும் டார்க் ரெஞ்ச் கிளிக் என்றது. அப்புறம் எருமைக்கு அடியில் போய் அங்கேயும் ஒரு கிளிக். திருட்டுக் கல்யாணம் நடத்தி வைத்த மாதிரி நாங்கள் இரண்டு பேரும் கையைத் துடைத்துக்கொண்டோம்.

பிற்பகல் கடைசிப் பயிற்சிக்குக் கிளம்பினோம். நான் காது முனைகளைச் செருகி, ஹெல்மெட்டை மாட்டி, கண்ணை மூடினேன்.

முதல் நேர் சாலையிலேயே தெரிந்துவிட்டது. சுண்டெலி விழித்துக்கொண்டது. முதுகு இருக்கைக்குள் புதைந்தது. தண்ணீருக்கு அடியில் இருந்த தையல் மிஷின் மேலே ஏறி வந்து, மிஷினாக இல்லாமல், நீண்ட ஒரே குரலாகிவிட்டது. அதில் ஒரு கல்லும் இல்லை. நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். ஹெல்மெட்டுக்குள் அவள் வாய் சிரித்துக்கொண்டிருந்தது. எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து. மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன். மரங்களின் நிழல் இமைமேல் ஓடியது, ஒளி, இருட்டு, ஒளி, இருட்டு. இந்தச் சாலை முடியாமல் இப்படியே போய்க்கொண்டிருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

அந்த அரைத் தூக்கத்தில்தான் நேற்று உச்சியில் அவள் சொன்னது வந்தது. தொட்டி வளைவுல நான் எடுக்கலம்மா, அழுத்தியே பிடிச்சிருந்தேன்.

பொட்டில் அடித்தது போலிருந்தது. ஒரு மாதமாக இவள் செத்த வண்டியை ஓட்டியிருக்கிறாள். செத்த வண்டியில் தொட்டி வளைவுக்குக் காலை எடுக்கவே தேவையில்லை. தேவையில்லாத இடத்தில் தன் கால் பயந்து எடுக்கிறது என்று நம்பி, எடுக்காதே, எடுக்காதே என்று அந்தக் காலை அடித்துப் பழக்கியிருக்கிறாள். இப்போது வண்டிக்கு உயிர் வந்துவிட்டது. கால் பழகினபடியேதான் இருக்கிறது.

கண்ணைத் திறந்தேன். மூடுபனிக்குள் தொட்டியின் சாம்பல் நிறச் சுவர் எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. என் காதில் எஞ்சினின் குரல் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. கத்தினாலும் அவளுக்குக் கேட்காது. அவள் முழங்காலில் ஓங்கித் தட்டினேன். அதுவரை நான் அந்த முழங்காலைப் பொய்யாகத் தட்டியதே இல்லை.

அவள் எடுத்தாள். யோசிக்காமல், கேட்காமல், சட்டப்படி எடுத்தாள். குரல் அறுந்தது. பின் சக்கரம் வழுக்கி, வண்டி குறுக்காகத் திரும்பி, சரளைக் கல்லைச் சிதறடித்துக்கொண்டு போய் நின்றது. என் பக்கக் கதவைத் திறந்தால் சுவரைத் தொடலாம்.

ஹெல்மெட்டைக் கழற்றினோம். பனி நகர்கிற சத்தம்கூடக் கேட்கும் போலிருந்தது.

"கல்லுச் சத்தம் கேட்டுச்சா?" என்றாள். "பிஸ்டன் போச்சா?"

"இல்ல. எஞ்சின் சுத்தமா இருக்கு."

"அப்புறம் எதுக்குத் தட்டின?"

சொன்னேன். எருமை இருமியதிலிருந்து காலையில் நடந்தது வரை சொன்னேன். பிளக் தளர்ந்த கதையெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அவள் சுவரையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அப்போ இந்த ஒரு மாசமா நான் பயந்து கால எடுக்கவே இல்லையா?"

"இல்லடி."

"ஒரு தடவகூட?"

"ஒரு தடவகூட இல்ல."

அவள் தன் வலது காலைப் பார்த்தாள். அது நடுங்க ஆரம்பித்திருந்தது. பிடித்து நிறுத்தப் பார்த்தாள், நிற்கவில்லை. "இப்பதாம்மா பயமா இருக்கு" என்றாள். அவளை அப்படியே இழுத்து அணைத்துக்கொண்டேன். நடுவில் கியர் கம்பி என் விலாவில் குத்தியது, குத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

கீழே பனிக்குள் ஒரு வண்டி வருகிற சத்தம் கேட்டது. வருகிற விதம் வேறாக இருந்தாலும் அது எருமைதான். முட்டை ஏற்றின எருமை இல்லை, அறுத்துக்கொண்டு ஓடிவருகிற எருமை. வளைவைத் திரும்பி, எங்களைப் பார்த்து, சாலை நடுவிலேயே நின்றது. கதவைச் சாத்தாமல் இறங்கி ஓடி வந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. நாங்கள் கிளம்பின பிறகு, கையில் சோப்பு போட்டுக்கொண்டிருக்கும்போது, எனக்குத் தோன்றினதுதான் அவருக்கும் தோன்றியிருக்கிறது. ஒரு வருடமாக ஏறாத மலையில் அவர் ஏறி வந்து, சுவரைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், எங்கள் இரண்டு பேரையும் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"கால எடுத்தேன்பா" என்றாள் மகள்.

"கேட்டுச்சு பாப்பா. கீழ வளைவுலயே கேட்டுச்சு." அவ்வளவுதான் அவரால் முடிந்தது. சரளைக் கல்லில் குந்தி உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஒரு வருடத்துக்கான அழுகை. நானும் அழுதேன், திட்டிக்கொண்டே அழுதேன்.

அவள் இறங்கி வந்து அவர் முன்னால் நின்றாள்.

"காத மாத்தினது நான்தான்" என்றார்.

"அம்மா சொல்லிட்டா."

"உனக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான்..."

"ஒரு மாசமா சாப்பாட்டு மேசையில என் கால நான் திட்டினேன்பா. நீங்க எதிர்ல உக்காந்து கேட்டுக்கிட்டே சாப்பிட்டீங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் முகத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, "ஆமா" என்றார்.

அவள் கால் நடுக்கம் அடங்கும்வரை சாலையில் முன்னும் பின்னும் நடந்தாள். அப்புறம் சுண்டெலியில் ஏறி, பின்னால் எடுத்து, மூக்கைத் திருப்பி நேராக நிறுத்தினாள். கண்ணாடியை இறக்கினாள்.

"நாளைக்கு நீங்க இங்கயே வந்து நில்லுங்க. நான் எங்க எடுக்கறேன், எவ்வளவு எடுக்கறேன்னு உங்க காதாலயே கேளுங்க. பயமா இருந்தா எங்கிட்ட சொல்லுங்க, திட்டுங்க, வேணாம்னு சண்டை போடுங்க. ஆனா என் வண்டி மேல இனிமே கை வைக்காதீங்கப்பா."

அவர் எழுந்தார். சரி என்று தலையை ஆட்டிவிட்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.